ஓரப்பட்டை

விடிந்தும் விடியாத நேரம். வெளியே வானம் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. அரங்கத்துக்குள் மட்டும் இன்னும் கும்மிருட்டு. சன்னல் என்று ஒன்றும் இல்லாத கட்டடம் அது. சூரியனே வந்தாலும் வாசல் காவலாளியிடம் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். மேடைக்குப் பின்னால் கைவிளக்கு வெளிச்சத்தில், முன்கை தடிமன் கேபிளைத் தோளில் சுமந்தபடி ஏழு பேர் வரிசையாக நின்றார்கள். அறுபதடி உயரத்தில், இரும்புச் சட்டங்களின்மேல் குப்புறப் படுத்திருந்த கூரை மேஸ்திரி "இழு!" என்றால் இழுக்க வேண்டும். "நில்லு!" என்றால் மூச்சைக்கூட விடாமல் நிற்க வேண்டும். கேபிளின் கறுப்புத் தோல் கழுத்தை அறுத்தது. புதுப் பெயின்ட் வாசனையும் இரும்புத் தூளும் சேர்ந்து தொண்டையில் படலமாய் ஒட்டிக்கொண்டன.

வரிசையில் மூன்றாவதாக நின்றவளுக்கு 'நம்பரக்கா' என்று பெயர் விழுந்து நாலு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு வயர் நுனியிலும் எண் போட்ட பொடி வளையத்தை மாட்டி, அது எங்கே புறப்பட்டு எங்கே போய்ச் சேருகிறது என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

நாடக அரங்குகளுக்குத் தானியங்கி மேடை அமைத்துத் தரும் கம்பெனி அவர்களுடையது. கூரையில் இருபத்துநாலு மோட்டார்கள். திரையையும் விளக்கையும் காட்சித் தட்டிகளையும் அவை ஏற்றி இறக்கும். மேடையின் நடுவில் மூன்று பெரிய தட்டுகள். நடிகர்களோடு குழிக்குள் இறங்கும், குழியிலிருந்து எழும். எல்லாவற்றையும் எதிர்ப்பக்கத்துக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து ஒரே ஆள் பொத்தானைத் தட்டி ஆட்டிவைப்பார். பார்க்கிறவர்களுக்கு மாயம். இவர்களுக்கு முதுகுவலி.

திறப்பு விழாவுக்கு இருபது நாள் இருந்தது. விழா தேதியைப் பிடித்து முன்னே இழுத்துவிட்டார்கள். ஆட்களை மட்டும் கூட்டவில்லை. ஏழு மணி வேலை ஐந்து மணிக்கு வந்தது. பெண்களுக்கான கழிப்பறை இன்னும் கட்டி முடியவில்லை என்பதால் அவளும் பெயின்ட் அடிக்கும் இரண்டு பெண்களும் தெருமுனை பெட்ரோல் பங்க் வரை நடந்தார்கள். திரும்பி வந்தால் "எங்கே போனே?" என்று மேற்பார்வை இன்ஜினியர் கைக்கடிகாரத்தைக் காட்டுவார். கேட்ட சாமான் வராது, கேட்காத திட்டு வரும்.

வராத சாமான்களில் தலையாயது ஓரப்பட்டை. தட்டு மேலெழும்போது அதன் விளிம்புக்கும் மேடைத் தரைக்கும் நடுவே கையோ காலோ சிக்கினால் அவ்வளவுதான். அதற்காகத் தரையின் அடிவிளிம்பு நெடுக ரப்பர்ப் பட்டை ஒன்று ஓட வேண்டும். விரல் பட்டால் போதும், மோட்டார் அந்தக் கணமே நின்றுவிடும். பட்டை வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். கேட்டபோதெல்லாம் 'வந்துக்கிட்டே இருக்கு' என்றார்கள். கிணற்றில் போட்ட கல்லாக இருந்தது விஷயம்.

ஒரு திங்கட்கிழமை இன்ஜினியர் கன்ட்ரோல் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார்.

"தட்டை ஓட்டிப் பாக்கணும். பட்டை இல்லாம நகர மாட்டேங்குது."

"நகராது சார். சர்க்யூட்டே அப்படித்தானே போட்டிருக்கு."

"அதான் சொல்றேன். அம்பத்தொண்ணாம் நம்பருக்கும் அம்பத்திரெண்டுக்கும் நடுவுல ஒரு துண்டு வயரைப் போட்டுடு. பட்டை இருக்குன்னு மெஷின் நினைச்சுக்கும்."

"மெஷின் நினைச்சுக்கும். கால் நினைச்சுக்குமா சார்?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். இன்ஜினியர் சிரிக்கவில்லை.

"பேச்சு நல்லா வருது. ரெண்டே நாள். பட்டை வந்ததும் கழட்டிடப் போறோம். முடியாதுன்னா சொல்லு, முடியிற ஆளை வெச்சுக்கிறேன்."

அவள் போட்டாள். விரல் நீளத் துண்டு வயர். திருகாணியை முறுக்கும்போது மனசு ஒப்பவில்லை, ஆனாலும் முறுக்கினாள். அதே வாரம் கூரை மோட்டார்களில் ஆறுக்கு எடை பார்க்கும் கருவி வரவில்லை என்று அங்கேயும் துண்டு வயர் போடச் சொன்னார்கள். அதையும் போட்டாள். ஒன்றுக்குத் தலையாட்டிய பிறகு ஏழாவதற்கு எந்த வாயால் மறுப்பது?

இரண்டு நாள் ஒன்பது நாளாயிற்று.

பத்தாம் நாள் காலை பதினொரு மணிக்கு அரங்கக் கமிட்டிக்காரர்கள் பார்வையிட வந்தார்கள். முதலாளியும் உடன் வந்தார். தட்டு குழியின் அடியில் கிடந்தது. அதன்மேல் மண்டியிட்டு, முகமூடி போட்டுக்கொண்டு, குழிச் சுவரில் ஓர் இரும்புக் கோணத்தைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான் தீக்குச்சி. ஆள் குச்சி, தொழில் நெருப்பு. அதனால் அந்தப் பெயர். அவளுடைய நாத்தனார் புருஷன். 'பதினோரு மணிக்குள்ள முடி' என்று காலையில் அவனைக் குழிக்குள் இறக்கிவிட்டதே இன்ஜினியர்தான். விருந்தாளிகளைப் பார்த்த பரபரப்பில் அது அவருக்கு மறந்துபோயிற்று. போனை எடுத்துக் கண்ணாடி அறைக்குச் சொன்னார்: "ஏத்துங்க. கீழே யாரும் இல்லை."

தட்டு எழுந்தது. மூன்று டன் எடை, பூனை நடக்கிற சத்தம்கூட இல்லை. கமிட்டிக்காரர் ஒருவர் "ஆஹா" என்றார். தீக்குச்சியின் இடது கால் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அலறல் கேட்டபோது அவள் கன்ட்ரோல் பெட்டிக்கு நாலடி தள்ளி நின்றாள். என்ன ஏது என்று பார்க்கவில்லை. பாய்ந்து மெயின் கைப்பிடியைக் கீழே அடித்தாள். அரங்கம் முழுக்க இருண்டது. அந்த இருட்டில் அவன் குரல் மட்டும் கிழிந்து கிழிந்து வந்தது. கூரை மேஸ்திரியின் ஆட்கள் கடப்பாரை போட்டு நெம்பி அவனை எடுக்க இருபது நிமிஷம் ஆயிற்று.

ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். பாதம் தங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள்.

மறுநாள் காலை அவளையும் கண்ணாடி அறைக்காரரையும் முதலாளி கூப்பிட்டனுப்பினார். தடித்த மூக்குக்கண்ணாடியும் அந்த அறையும் சேர்ந்து 'கண்ணாடி' என்றே பெயராகிவிட்ட அந்த மனிதர் நாற்பத்தைந்து வயதுக்காரர். கம்ப்யூட்டர் படித்தவர், மாதச் சம்பளக்காரர். 'ஏசி ரூம் ஆளு' என்று மற்றவர்கள் அவரோடு ஒட்டமாட்டார்கள். அன்றைக்கு அவர் முகம் வெளுத்து, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

மேசைமேல் ஒரு தாள். பற்றவைப்பவர் அனுமதியில்லாமல் குழிக்குள் இறங்கினார், குழியைச் சுற்றிப் போட்ட மஞ்சள் கோட்டைத் தாண்டினார், விபத்துக்கு அவருடைய கவனக்குறைவே காரணம். கீழே இரண்டு சாட்சிக் கையெழுத்துக்கு இடம்.

"நானும் ஒரு காலத்துல வயர் இழுத்தவன்தான்மா" என்றார் முதலாளி. உள்ளங்கையை விரித்துக் காட்டினார். காய்ப்பு ஒன்றும் மிச்சமில்லை. "எனக்கும் வருத்தம்தான். ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி பாத்துக்கும். ஆனா விசாரணை அது இதுன்னு வந்தா வேலை நிக்கும். முப்பது குடும்பம் தெருவுக்கு வரும். அது உனக்குச் சம்மதமா?"

"அவரு தானா இறங்கலை சார். இன்ஜினியர் சார்தான் இறக்கிவிட்டாரு. பட்டையும் இல்லை."

"பட்டை இல்லாம தட்டு எப்படிம்மா ஓடுச்சு?" குரல் தேன் மாதிரி இருந்தது. "யாரோ வயரைப் போட்டுக் கட்டியிருக்காங்களே. அது யாரு கை?"

இன்ஜினியர் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் தாளை அவர் பக்கமே நகர்த்தினாள். "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றாள். கண்ணாடியும் அதையே முணுமுணுத்தார். வெளியே வந்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். அன்று முழுக்க அவள் மாட்டிய வளையங்களில் பாதி தப்பு. கழற்றிக் கழற்றி மாட்டினாள். தன்மேலேயே வந்த ஆத்திரத்தை யார்மேல் கொட்டுவது?

வீடு இரண்டு அறை, ஒரே அடுப்பு. அவள் புருஷன் லாரியோடு போய் ஆறு நாளாகிறது. போனில் பேசியபோது "பாத்துக்க" என்பதற்குமேல் லைன் நிற்கவில்லை. சாயங்காலம் நாத்தனார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, ரத்தம் காய்ந்த பேன்ட்டை வாளியில் போட்டுக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அவரு கோட்டைத் தாண்டினாருன்னு கம்பெனிக்காரங்க வந்து சொல்லிட்டுப் போனாங்க. நெசமா? கேட்டா அவரு ஒண்ணும் பேச மாட்டேங்குறாரு."

சொல்லாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் வாளிக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"பொய். தட்டு ஏறும்போது ஏதாவது சிக்கினா நிக்கிறதுக்கு ஒரு பட்டை உண்டு. அது இன்னும் வரலை. வந்த மாதிரி மெஷினை ஏமாத்த ஒரு வயரைப் போட்டிருக்கு. போட்டது நான்."

நாத்தனாரின் கை வாளிக்குள் அப்படியே நின்றது.

"நீயா?"

"நான்தான். போடச் சொன்னாங்க, போட்டேன்."

நாத்தனார் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வாளித் தண்ணீர் அப்படியே கிடந்தது. அவள் அந்தப் பேன்ட்டை அலசிக் கொடியில் போட்டு முடிப்பதற்குள் கதவு திறந்தது.

"போடச் சொன்னவன் பேரு அந்தத் தாள்ல இருக்கா?"

"இல்லை."

"அப்ப நீ மட்டும் ஏன் குத்தவாளி மாதிரி நிக்குறே? போய் அவன் பேரையும் சொல்லு." வாளியை எடுத்துக் கவிழ்த்தாள். "ஆனா அண்ணி, போட்டது நீதான். அதை நான் மறந்துடுவேன்னு நினைக்காதே."

"மறக்க வேண்டாம்" என்றாள் அவள்.

காலையில் வேலைக்குப் போகிற வழியில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தீக்குச்சி விழித்துக்கொண்டுதான் இருந்தான். காலில் தலையணை அளவுக்குக் கட்டு.

"வா தங்கச்சி. பத்துல மூணு போச்சு. இனிமே செருப்பு வாங்கினா தள்ளுபடி கேக்கலாம்."

அவளால் சிரிக்க முடியவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது அவன் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டான். நர்ஸ் வந்து அடுத்த கட்டில்காரருக்கு ஊசி போட்டுவிட்டுப் போனாள். போய்விடலாமா என்று அவள் நினைத்தபோது அவன் பேசினான்.

"அந்த வயரு இன்னும் அங்கதான் இருக்கா?"

"இருக்கு அண்ணே."

"தட்டை ஓட்டுறாங்களா?"

"நேத்து மத்தியானமே ஓட்டினாங்க."

"அடியில யாரு வேலை செய்யிறா?"

"பெயின்ட் அடிக்கிற பொம்பளைங்க ரெண்டு பேரு."

அவன் திரும்பினான். கண் சிவந்திருந்தது. "அப்ப என் காலைப் பாக்க ஏன் வந்தே? போ. போய் அதைக் கழட்டு."

அவள் பஸ்ஸுக்குக் காத்திருக்கவில்லை. நடந்தே போனாள், ஓட்டமும் நடையுமாக. நேரே கன்ட்ரோல் பெட்டியைத் திறந்து, அம்பத்தொண்ணு, அம்பத்திரெண்டு, இரண்டு திருகாணியையும் தளர்த்தித் துண்டு வயரை உருவினாள். கால் நிமிஷ வேலை. பதினோரு நாளாகச் செய்யாத வேலை.

பிறகு டீ நேரத்தில் எல்லோரும் கூடுகிற படிக்கட்டுக்குப் போய்ச் சொன்னாள். அவள் கூட்டத்தில் பேசிப் பழகியவள் இல்லை. வார்த்தைகள் முட்டி மோதிக்கொண்டு வந்தன. கேட்டவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் பெண்ணின் கல்யாணத்தைச் சொன்னார். இன்னொருவர் வாடகையைச் சொன்னார். கூரை மேஸ்திரி டீயை ஊதிக்கொண்டே, "பாவம்தான். ஆனா அது கீழ நடக்குற சமாசாரம். எங்க ஆளுங்க வேலை மேல. நாங்க ஏன் இதுல தலையைக் குடுக்கணும்?" என்றார்.

"உங்க தலை ஏற்கெனவே உள்ளதான் இருக்கு மேஸ்திரி" என்றாள். "இருபத்துநாலு மோட்டார்ல ஆறுக்கு எடைக் கருவி கிடையாது. எத்தனை டன் ஏத்தினாலும் மோட்டார் சும்மா இழுக்கும், வடம் அறுந்துபோற வரைக்கும். மூணு, ஏழு, எட்டு, பன்னெண்டு, பதினஞ்சு, இருபது. அந்த ஆறு வயரும் நான் போட்டதுதான். நேத்து நீங்க ஏழுக்கு அடியில நின்னு சாப்பிட்டீங்க."

மேஸ்திரியின் டீ டம்ளர் பாதியில் நின்றது. பிறகு அவர் மீதி டீயைத் தரையில் ஊற்றிவிட்டு எழுந்தார்.

"ஏணி போடு. அந்த ஆறையும் கழட்டிட்டு வா. நான் பிடிச்சுக்கிறேன்."

பதினோரு மணிக்குத் தட்டு நகரவில்லை. கூரையில் அந்த ஆறு மோட்டார்களும் நகரவில்லை. இன்ஜினியர் ஓடி வந்தார். கூப்பிட்டு அரைமணி நேரத்தில் முதலாளி வந்தார். இந்தத் தடவை தேன் இல்லை.

"யாரு கழட்டினது?"

"நான்தான் சார்."

"திரும்பப் போடு."

"பட்டை வரட்டும், பட்டையைப் போடுறேன்."

முதலாளி பக்கத்தில் நின்ற வயர்மேனைப் பார்த்தார். "நீ போடு."

அவன் கையிலிருந்த ஸ்குரூடிரைவரைப் பெட்டியில் வைத்து மூடினான். "எனக்கு நம்பர் ஞாபகம் இல்லை சார்."

"நீ?"

பெண்ணின் கல்யாணத்தைச் சொன்னவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "பெயின்ட் அடிக்கிறவங்கள்ல ஒண்ணு என் தம்பி பொண்டாட்டி. மன்னிச்சுக்கங்க."

"ஊரு ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்னு சொல்வாங்க. இங்க கூத்து மேடையே ரெண்டுபட்டுக் கிடக்கு!" முதலாளி கத்தினார். "சோறு போட்ட கை இது. அதை மறந்துட்டீங்க."

"சோறு நாங்க சம்பாதிச்சது" என்றார் மேஸ்திரி. "கையும் காலும் எங்களுது."

இன்ஜினியர் தாமே பெட்டிக்கு முன்னால் போனார். யாரும் தடுக்கவில்லை. முப்பது பேர் சுற்றி நின்று பார்க்க, அவர் துண்டு வயரை நுழைத்தார். அது இரண்டு தடவை கீழே விழுந்தது. மூன்றாம் தடவை குனிந்து எடுத்தபோது, அரங்கத்தின் ஒலிபெருக்கி எல்லாவற்றிலிருந்தும் ஒரே நேரத்தில் ஒரு குரல் வந்தது. கண்ணாடிதான், தன் அறையிலிருந்து மைக்கைத் திறந்து பேசினார்.

"சார், நீங்க போட்டாலும் நான் ஓட்ட மாட்டேன். அன்னிக்குக் கீழே யாரும் இல்லேன்னு சொன்னீங்க. நான் ஏத்தினேன். எனக்கு இங்கிருந்து குழி தெரியாது. கேமரா கேட்டேன், வெக்கலை. ரெண்டு நாளா அந்தச் சத்தம் காதை விட்டுப் போகலை. நான் ஓட்ட மாட்டேன்."

பிறகு அவர் படியிறங்கி வந்தார். இருக்கைகளுக்கு நடுவே அந்த நீண்ட பாதையில் தனியாக நடந்து வந்து, மேடையேறி, எங்கே நிற்பது என்று தெரியாமல் தயங்கினார். ஏசி ரூம் ஆளுக்கு மேஸ்திரி நகர்ந்து இடம் விட்டார்.

"நாளைக்குக் காலையில வேற ஆளுங்க வருவாங்க" என்றார் முதலாளி. "நீங்க யாரும் வரவேண்டாம்."

அன்று மத்தியானமே, தொழிலாளர் அலுவலகத்துக்கு மனுவாக, நடந்ததை நடந்தபடி கண்ணாடி எழுதினார். இறக்கிவிட்டது யார், வயர் போடச் சொன்னது யார், போட்டது யார் எல்லாம் அதில் இருந்தது. அவள் பெயர் வந்த இடத்தில் அவர் பேனாவை நிறுத்தினார். "எழுதுங்க" என்றாள் அவள். முப்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். தொழிலாளர் அலுவலகத்தில் அதிகாரி லீவு. அவருக்குப் பதில் பார்க்கிறவர் மீட்டிங்கில் இருந்தார். மீட்டிங்கில் இல்லாத ஒருவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டு நகல் வேணும், புதன்கிழமை வாங்க" என்றார். புதன்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது.

மறுநாள் விடிகாலை அவர்கள் அரங்கத்தின் வாசலில் நின்றார்கள். முப்பத்தொன்றில் இருபத்தாறு பேர். ஐந்து பேர் வரவில்லை. பனி விழுந்து வாசல் கம்பிகள் ஈரமாக இருந்தன. நாத்தனார் வந்திருந்தாள். அண்ணியோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை. ஆனால் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றாள்.

ஆறு மணிக்கு வேன் வந்தது. எட்டுப் பேர், மடியில் கருவிப் பைகள். இரவெல்லாம் பயணம் செய்த முகங்கள். காவலாளி கதவைத் திறந்தான். "கல்லை எடுங்கடா" என்று பின்னாலிருந்து யாரோ ஒருவன் சொன்னான். மேஸ்திரி திரும்பி ஒரு முறை முறைத்ததில் அது அடங்கியது.

அவள் வேனின் முன்சன்னலுக்குப் போனாள். உள்ளே உட்கார்ந்திருந்தவர் ஐம்பது வயதுக்காரர். விரல் நுனியெல்லாம் வயர் கீறிய தழும்பு.

"அண்ணே, வயர் வேலைக்கா வந்திருக்கீங்க?"

"ஆமா. ஏழு துண்டு வயர் விட்டுப்போச்சாம். போட்டுக் குடுத்தா போதும்னாங்க. ரெண்டு நாள் வேலையாம்."

"எந்த இடம்னு சொன்னாங்களா?"

"சொல்லலை."

அவள் சொன்னாள். நம்பர் நம்பராகச் சொன்னாள். அம்பத்தொண்ணு, அம்பத்திரெண்டு. அதன்பிறகு கூரையில் ஆறு. ஒரு மனுஷனின் மூன்று விரல். பக்கத்தில் நின்ற நாத்தனாரைக் காட்டி, "இது அவரு வீட்டுக்காரி" என்றாள்.

அந்த மனிதர் நாத்தனாரைப் பார்த்தார். பிறகு திறந்து கிடந்த வாசலைப் பார்த்தார். பின்னால் திரும்பித் தன் ஆட்களிடம் தணிந்த குரலில் ஏதோ பேசினார். டிரைவர் ஹாரன் அடித்தான். "இறங்குறதுன்னா இறங்கு, இல்லேன்னா உள்ள விடுறேன்" என்றான்.

"இரப்பா" என்றார் அவர். அவளிடம் கேட்டார்: "எங்களுக்கும் வீட்டுல அடுப்பு எரியணும். இதுல நின்னா என்ன கிடைக்கும்?"

"தெரியாது அண்ணே" என்றாள். "இன்னும் ஒண்ணும் கிடைக்கலை."

அவர் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். வேன் கதவு கிறீச்சென்று திறந்தது. முதலில் அவர் இறங்கினார். அவருக்குப் பின்னால் நாலு பேர் இறங்கினார்கள். மூன்று பேர் இறங்கவில்லை. வேன் அவர்களோடு உள்ளே போயிற்று. வாசல் கதவு மூடிக்கொண்டது.

இறங்கிய ஐந்து பேரும் கருவிப் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு, எங்கே நிற்பது என்று பார்த்தார்கள். கண்ணாடி நகர்ந்து இடம் விட்டார்.